புதிய தளமும் பழைய கருவிகளும்

கணிப்பொறி என்பது இன்று ஆய்வுக்கூடங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே உரிய பொருளன்று. சித்தூரின் கடைத்தெருக்களிலும் திருப்பதியின் சந்துகளிலும் சான்றிதழ் எடுத்துத் தரும் நிலையங்கள், கலியாணப் பத்திரிகை அச்சிடும் அச்சகங்கள், கணக்கு எழுதும் அலுவலகங்கள் என எத்தனையோ சிறு தொழில்கள் ஒரே ஒரு கணிப்பொறியை நம்பி நடைபெற்று வருகின்றன. அப்பொறி ஒரு நாள் நின்றுவிட்டால், உரியவருடைய அன்றைய வருவாய் நின்றுவிடும். அதனினும் மேலாக, கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டுக் கிராமத்திலிருந்து சான்றிதழுக்காக வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஆகவே, கணிப்பொறிக்கு உயிர்நாடி போன்ற இயங்குதளத்தை மாற்றுவது எளிய செயலாகத் தோன்றினும், பலமுறை சிந்தித்துச் செய்ய வேண்டியதொன்றாகும். அதிலும், இன்னும் முற்றுப்பெறாத முன்னோட்டப் பதிப்பொன்றை நிறுவிப் பார்க்க விரும்புவோர் சில அடிப்படை உண்மைகளை அறிந்திருத்தல் மிகவும் இன்றியமையாதது. அவ்வுண்மைகள் யாவை என்பதை இங்கே காண்போம்.

இயங்குதளம் என்பது யாது? கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு, அவற்றின் உழைப்பை நாம் விரும்பும் வேலைகளுக்குப் பங்கிட்டுத் தரும் தலைமை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகையவை. இந்தத் தலைமையின்கீழ் இரு வகையான மென்பொருள்கள் இயங்குகின்றன. கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் படம் வரைவதற்கும் நாம் பயன்படுத்துபவை ஒரு வகை. இவற்றைப் பயன்பாட்டு மென்பொருள்கள் என்கிறோம். அச்சுப்பொறி, விரல்ரேகைக் கருவி, ஒலிபெருக்கி போன்ற துணைக்கருவிகளை இயங்குதளத்தோடு இணைத்து வைப்பவை மற்றொரு வகை. இவற்றுக்கு டிரைவர் என்று பெயர். தமிழில் இயக்கி என்று வழங்குகிறோம்.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர்ச் சீமையில் துபாஷி என்ற சொல்லை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. இரு மொழி அறிந்து, ஒருவர் பேசுவதை மற்றவர்க்கு எடுத்துரைப்பவர் துபாஷி. இயக்கியின் பணியும் அத்தகையதே. அச்சுப்பொறிக்கு இயங்குதளத்தின் மொழி தெரியாது. இயங்குதளத்துக்கு ஒவ்வோர் அச்சுப்பொறியின் தனி மொழியும் தெரியாது. இடையே நின்று இரண்டையும் இணைப்பது இயக்கி. துபாஷி வராத நாளில், கற்றவர் இருவர் எதிரெதிரே அமர்ந்திருந்தும் ஒரு காரியமும் நடவாதது போல, தக்க இயக்கி இல்லாவிட்டால், பழுதற்ற அச்சுப்பொறியும் பழுதற்ற கணிப்பொறியும் அருகருகே இருந்தும் ஒரு தாளும் அச்சாகாது. கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் தூக்கிச் செல்வோர் பலர். உண்மையில் கெட்டது கருவியன்று. இடைநின்ற பேச்சே அறுந்துபோயிற்று.

இயங்குதளம் மாறும்போது பயன்பாட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இயக்கிகளே முதலில் இடறி விழுகின்றன. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். ஓர் அரசு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மனுக் கொடுக்க வருபவர் வெளியே சாளரத்தின் முன் நிற்கிறார். அவர் தவறாக எழுதினால் அவருடைய மனு ஒன்றே தள்ளுபடியாகும். ஆனால், உள்ளே ஆவண அறையின் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஊழியர் தவறு செய்தால் அலுவலகம் முழுவதுமே குழம்பிவிடும். பயன்பாட்டு மென்பொருள் சாளரத்தின் முன் நிற்பவரைப் போன்றது. முக்கியமான இயக்கிகளோ, கருவகம் என்று சொல்லத்தக்க உள்ளறையிலேயே அமர்ந்து பணிபுரிகின்றன. அங்கே நேரும் சிறு பிழையும் பொறி முழுவதையும் வீழ்த்திவிடும்.

இவ்வுண்மையை உலகம் கண்கூடாகக் கண்ட நாள் 2024 ஜூலை 19 ஆகும். அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, உள்ளறையில் இயங்கிய அதன் இயக்கியைத் தடுமாறச் செய்தது. அதன் விளைவாக ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலற்றுப் போயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்க நேர்ந்தது. அங்கே இயங்குதளம் சோதனைப் பதிப்பன்று; நிலையான பதிப்பே. நிலையான பதிப்பிலேயே இயக்கியின் பிழை இவ்வளவு செய்யுமானால், முற்றுப்பெறாத பதிப்பில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, முன்னோட்டப் பதிப்பு என்பதன் பொருளைப் பார்ப்போம். புதிதாக இருப்புப்பாதை அமைத்தவுடனே பயணிகள் வண்டியை அதன்மீது விடுவதில்லை. முதலில் சோதனை ஓட்டம் நடத்துகிறார்கள். பாதுகாப்பு ஆணையர் வந்து பார்வையிடுகிறார். அதன் பின்னரே மக்கள் ஏறிச் செல்ல இசைவு கிடைக்கிறது. முன்னோட்டப் பதிப்பு அந்தச் சோதனை வண்டியைப் போன்றது. 2014 முதல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'விண்டோஸ் இன்சைடர்' என்ற பெயரில் இத்தகைய பதிப்புகளைப் பொதுமக்களில் விரும்பியோர்க்கு வழங்கி வந்திருக்கிறது. லினக்ஸ் உலகில் இவ்வழக்கம் அதனினும் பழமையானது. சோதனை வண்டியில் ஏறுவோர் தாமும் சோதனையின் ஒரு பகுதியாகி விடுகிறார்கள் என்பதை மறத்தலாகாது.

ரேணிகுண்டா நிலையத்தில் ஒரு காலத்தில் அகலப்பாதையும் மீட்டர்பாதையும் சந்தித்தன என்பதை முதியோர் அறிவர். அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். மீட்டர்பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர். மீட்டர்பாதைப் பெட்டி எத்துணை உறுதியாக இருப்பினும் அகலப்பாதையில் ஓடாது. கணிப்பொறியிலும் இத்தகைய பாதை மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. பழைய விண்டோஸ் பதிப்புகள் 32 பிட், 64 பிட் என இரு வடிவில் கிடைத்தன. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் வடிவமே இல்லை. 32 பிட்டுக்காக எழுதிய பயன்பாட்டு மென்பொருளை அது இன்னும் ஏற்கிறது. ஆனால் 32 பிட்டுக்காக எழுதிய இயக்கியை ஏற்பதில்லை. மேலும், உள்ளறையில் புக விரும்பும் இயக்கி முறையான மின்கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என்ற விதியும் படிப்படியாக இறுகி வந்துள்ளது. கருவியைச் செய்த நிறுவனம் புதிய இயக்கியை எழுதித் தராவிட்டால், அல்லது அந்நிறுவனமே மறைந்துவிட்டால், நல்ல நிலையிலுள்ள கருவியும் பயனற்றதாகிவிடுகிறது.

சித்தூர் மாவட்டத்தின் நிலையைக் கொண்டே இதனை விளக்கலாம். மக்களுக்குச் சான்றிதழ்களை இணையத்தின் வழியே வழங்கும் மீசேவா என்னும் ஏற்பாட்டை ஆந்திர அரசு 2011 நவம்பரில் முதன்முதலாகத் தொடங்கியது இம்மாவட்டத்திலேதான். அக்காலத்தில் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் அது தனி மாவட்டமாயிற்று. அதிகாரிகள் மின்கையொப்பம் இட்ட சான்றிதழைச் சேவை நிலையத்தில் அச்சிட்டுப் பெறுவதே இவ்வேற்பாட்டின் சிறப்பு. இதன் பயனாக, ஒரு வருமானச் சான்றுக்காகப் பலமுறை அலையும் துன்பம் குறைந்தது.

இத்தகைய சேவை நிலையமொன்றின் மேசையை நோக்குவோம். கணிப்பொறி ஒன்று, அச்சுப்பொறி ஒன்று, ஆவணங்களைப் படமெடுக்கும் ஸ்கேனர் ஒன்று, ஆதார் சரிபார்ப்புக்கான விரல்ரேகைக் கருவி ஒன்று. மின்கையொப்பம் இடும் அலுவலகமாயின், கையொப்பச் சாவியைத் தன்னுள் அடக்கிய சிறு டோக்கன் ஒன்றும் இருக்கும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி உண்டு. விரல்ரேகைக் கருவிக்கு இயக்கி மட்டும் போதாது. ஆதார் ஆணையத்தின் விதிப்படி, கருவியைச் செய்த நிறுவனம் அளிக்கும் ஆர்.டி. சர்வீஸ் என்னும் தனி மென்பொருளும் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். கையொப்ப டோக்கனுக்கும் அதற்குரிய இயக்கி இல்லையேல், சாவி அதனுள்ளே பத்திரமாக இருந்தும் பூட்டு திறவாது.

இந்த மேசையில் இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பை நிறுவினால் என்ன நேரக்கூடும்? திரை அழகாக ஒளிரும், இணையமும் கிடைக்கும், எல்லாம் சரியாக உள்ளன என்றே தோன்றும். மறுநாட்காலை முதல் மனுதாரர் விரலை வைக்கும்போதுதான் கருவி அடையாளம் காணப்படவில்லை என்பது தெரியவரும். ஐந்து கருவிகளுள் நான்கு இயங்கினாலும் பயனில்லை. ஐந்தாவது இல்லாமல் சான்றிதழ் வெளிவராது. கல்லூரிச் சேர்க்கைக் காலமாயின், கெடு நாளுக்குள் சான்று கிட்டாத மாணவனுக்கு நேரும் இழப்பைப் பின்னர் எவரும் ஈடு செய்ய இயலாது.

இப்பகுதிக்குச் சிறப்பாக உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. எல்லைப்புற ஊர்களில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிடும் வழக்கம் இருக்கிறது. விண்டோஸ் இயங்குதளம் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளைத் தானே கையாளத் தொடங்கியது விண்டோஸ் 2000 பதிப்பிலேதான். அதற்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துருவையும், விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையே நின்று விசைகளை மாற்றித் தரும் மென்பொருளையும் உருவாக்கிக் கொண்டது. அச்சகங்களில் அப்பழைய முறைகள் இன்றும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை; பல ஆண்டுகளாகச் சேர்த்த கோப்புகள் அவற்றிலேயே உள்ளன. இடைநின்று விசையைப் பிடித்து மாற்றும் மென்பொருள், பெயரளவில் இயக்கி அன்றெனினும், இயல்பில் அதனை ஒத்ததே. இயங்குதளத்தின் உள்ளமைப்புச் சற்று மாறினாலும், 'க' என்று அடித்த இடத்தில் வேறொன்று தோன்றவோ, ஒன்றுமே தோன்றாமல் போகவோ கூடும். முகூர்த்த மாதத்தில் இவ்வாறு நேர்ந்தால் அச்சகத்தாரின் இடர் சொல்லுந்தரமன்று.

கடந்த கால நிகழ்ச்சிகள் சில நமக்கு நல்ல பாடங்களாக அமைந்துள்ளன. 2006 நவம்பரில் நிறுவனங்களுக்கும், 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கும் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, இயக்கிகளின் அமைப்பையே மாற்றியது. கருவி செய்வோர் பலர் உரிய காலத்தில் நல்ல இயக்கிகளைத் தரவில்லை. பின்னர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான ஆவணங்களின்படி, 2007-இல் பதிவான விஸ்டா முறிவுகளுள் நூற்றுக்கு 29 அளவில் ஒரே வரைகலை நிறுவனத்தின் இயக்கிகளால் நேர்ந்தவை. பழி இயங்குதளத்தின் மீது விழுந்தது. பிழையின் பெரும்பங்கு இயக்கியில் இருந்தது.

2008 செப்டம்பரில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. லினக்ஸ் கருவகத்தின் 2.6.27 பதிப்பு அப்போது சோதனை நிலையில் இருந்தது. அதனை நிறுவிய சிலருடைய இன்டெல் நிறுவனத்து வலையமைப்பு அட்டைகள் திடீரென்று செயலிழந்தன. அட்டையினுள் நிலையாகப் பதிந்திருக்க வேண்டிய தகவலின் மீது வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது. பழைய இயங்குதளத்துக்குத் திரும்பினாலும் அட்டை திருந்தவில்லை. அந்த அட்டையின் இயக்கியையே அனைவரும் ஐயுற்றனர். ஆய்வின் முடிவில், குற்றம் அதனிடத்தில் இல்லை என்பதும், கருவகத்தில் புதிதாகச் சேர்த்த வேறொரு கண்காணிப்பு வசதி தனக்கு உரிமையற்ற நினைவிடத்தில் எழுதியதே காரணம் என்பதும் புலப்பட்டன. இதிலிருந்து இரண்டு உண்மைகளை அறிகிறோம். முன்னோட்டப் பதிப்பு மென்பொருளை மட்டுமன்றி, அரிதாகவேனும், வன்பொருளையும் கெடுக்க வல்லது. மேலும், நோய் தோன்றும் இடமும் நோயின் மூலமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது பாடம் 2018 அக்டோபரில் கிடைத்தது. அம்மாதம் 2-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் ஒன்று, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாள்களுக்குள் மைக்ரோசாப்ட் அதனை நிறுத்தி வைத்து, திருத்தி, நவம்பர் 13-இல் மீண்டும் வெளியிட்டது. கருதத்தக்க செய்தி யாதெனில், முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களுள் சிலர் இப்பிழையை முன்னரே தெரிவித்திருந்தனர். ஆயினும், தெரிவித்தவர் தொகை சிறிதாகையால் அக்குரல் கவனம் பெறவில்லை. பிழையைத் தெரிவிப்போர், அதன் கடுமை எத்தகையது என்பதையும் குறிப்பிடும் வசதி பின்னரே சேர்க்கப்பட்டது.

இக்காலத்தில் இச்செய்தி மேலும் முக்கியத்துவம் பெற்றிருக்கிறது. விண்டோஸ் 10 பதிப்புக்கு வழங்கி வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவடைந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் வரை பெறுவதற்கு இல்லப் பயனர்களுக்கு ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட பட்டியலில் அடங்கிய செயலியும் வேண்டும். இவை இல்லாத பழம்பொறிகளை வைத்திருப்போர், குறுக்கு வழிகளையும் முன்னோட்டப் பதிப்புகளையும் நாடுவது இயல்பே. 2021-இல் விண்டோஸ் 11-இன் முன்னோட்டம் வெளிவந்தபோது, முன்பிருந்தே சோதனையில் பங்கேற்ற சிலருடைய தகுதியற்ற பொறிகளிலும் அது ஓட இசைவு தரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 5-இல் நிலையான பதிப்பு வெளியானதும், அவர்கள் மீண்டும் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதே முடிவாயிற்று. முன்னோட்டத்தில் ஓடியது என்பதனால் முடிந்த பதிப்பிலும் ஓடும் என்று எதிர்பார்த்தல் தகாது.

அவ்வாறாயின், முன்னோட்டப் பதிப்பை எவரும் தொடவே கூடாதா? அவ்வாறன்று. யாரேனும் சோதித்துப் பார்த்தாலன்றி நல்ல பதிப்பு உருவாகாது. சோதிக்கும் முறையையே நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பிழைப்புக்குரிய பொறியில் சோதனை செய்யலாகாது. பழைய பொறி ஒன்று தனியே இருப்பின் அதில் செய்யலாம். இல்லையேல், வேறொரு வட்டைப் பொருத்தி, பணிக்குரிய வட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யலாம். கணிப்பொறிக்குள் கணிப்பொறியாக ஒரு மெய்நிகர்ப் பொறியை அமைத்துச் சோதிப்பதும் உண்டு. அதில் பயன்பாட்டு மென்பொருள்கள் ஓடுகின்றனவா என்று அறியலாம். ஆனால் அங்குள்ள வன்பொருள் கற்பனையானது. ஆகையால் உண்மையான இயக்கிகளின் நிலையை அது முழுமையாகக் காட்டாது.

இரண்டாவது, தொடங்குமுன் மேசையிலுள்ள கருவிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கருவியின் பெயர், மாதிரி எண், செய்த நிறுவனம், இப்போதுள்ள இயக்கியின் பதிப்பு எண் ஆகிய நான்கும் போதும். ஒவ்வொரு நிறுவனமும் புதிய தளத்துக்கு இயக்கி தந்துள்ளதா என்று பார்த்து, தந்திருந்தால் அதனை முன்னரே ஒரு பென்டிரைவில் சேமித்து வைத்தல் நலம். வலையமைப்பு அட்டையின் இயக்கியை மறவாமல் சேமித்தல் வேண்டும். அது இல்லையேல், மற்ற இயக்கிகளைத் தேடிச் செல்ல இணையமே கிட்டாது. மூன்றாம் நிறுவனங்களின் அச்சுப்பொறி இயக்கிகளுக்கு அளித்துவரும் ஆதரவைப் படிப்படியாகக் குறைத்து, பொது இயக்கி முறைக்கு மாறப்போவதாக 2023-இல் மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளமையால், அச்சுப்பொறி வாங்குவோரும் இதனைக் கருத்தில் கொள்ளுதல் தகும்.

மூன்றாவது, திரும்பி வரும் வழியை முதலில் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஆவணங்களைத் தனி வட்டில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்று பார்த்து, அதனைப் பொறியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸில் பழைய பதிப்புக்கு எளிதில் திரும்புவதற்கு இயல்பாக அமைந்த கால எல்லை 10 நாள்கள். தொடக்க நிலை முன்னோட்டங்களிலிருந்து நிலையான பதிப்புக்கு வர, பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே வழி. அன்றியும், முன்னோட்டப் பதிப்புகளுக்கு ஆயுள் எல்லை உண்டு. அந்நாளைக் கடந்தால் அவை இயங்க மறுக்கும்.

நான்காவது, நிறுவியபின் 'திரை ஒளிர்கிறது, ஆகவே எல்லாம் சரி' என்று முடிவு கட்டாமல், அன்றாட வேலையைத் தொடக்கமுதல் முடிவுவரை ஒருமுறை நடத்திப் பார்த்தல் வேண்டும். சேவை நிலையமாயின், விரல்ரேகை பதிந்து, ஆவணம் படமெடுத்து, ஒரு தாள் அச்சாகி வெளிவரும்வரை பார்க்க வேண்டும். அச்சகமாயின், பழைய கோப்பொன்றைத் திறந்து, ஒரு வரி தட்டெழுதி, அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பொறியை உறங்க வைத்து எழுப்பிய பின்னும் இவை நடைபெறுகின்றனவா என்று காண வேண்டும். இயக்கிகளின் பிழைகள் பல அப்போதே தலைகாட்டும்.

ஐந்தாவது, கண்ட பிழையை உரியவர்க்குத் தெரிவித்தல் கடமையாகும். 'அச்சாகவில்லை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தக் கருவி, எந்த இயக்கி, எந்தப் பதிப்பு, எந்தச் செயலுக்குப் பின் நின்றது, மீண்டும் செய்தாலும் நிற்கிறதா என்பனவற்றைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். மனு எழுதத் தெரிந்தவருக்கு இது அரிய செயலன்று. பெருநகரங்களிலுள்ள மென்பொருளாசிரியர்கள் நம் ஊர் மேசையிலுள்ள விரல்ரேகைக் கருவியையும், நம் அச்சகத்தின் இருமொழி எழுத்துருவையும் கண்டறியார். நாம் சொன்னாலன்றி அவை அவர்கள் சோதனையில் இடம்பெறா. 2018-இல் ஒரு சிலர் எழுதிய குறிப்புகள் உரிய நேரத்தில் செவிமடுக்கப் பெற்றிருந்தால், எத்தனையோ குடும்பங்களின் படங்கள் அழியாமல் இருந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்வோம்.

புதியது என்பதனாலேயே ஒன்றைத் தழுவுவதும் தவறு. பழக்கமில்லாதது என்பதனாலேயே ஒன்றை ஒதுக்குவதும் தவறு. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பழைய இயங்குதளத்திலேயே என்றும் இருந்துவிட முடியாது. ஒரு நாள் மாறியே ஆக வேண்டும். அம்மாற்றத்தைக் கூட்டமில்லாத ஒரு நாளில், தனிப்பொறியில், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்பவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. வாயிலில் மக்கள் காத்து நிற்கும் காலை வேளையில், உள்ள ஒரே பொறியில் செய்பவரோ, தம்முடைய நேரத்தோடு பிறருடைய கூலியையும் பணயமாக வைத்தவராவார்.